சைகோன்காரி சுட்ட கறி

கப்பல் வந்த மறுநாள் காலையில் கில்பர்ட் தன் மனைவியை மாட்டுவண்டியில் வில்லியனூருக்குக் கூட்டிவந்தான். சைகோனில் கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அந்த நாட்டுப் பெண்ணைத்தான் கட்டியிருக்கிறான், அவளும் நம் வேதக்காரிதான் என்பது ஊருக்கு முன்பே தெரியும். ஆனாலும் வண்டி மாதா கோயில் தெருவுக்குள் திரும்பியதும் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அக்கா அன்னாமேரிதான் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு உள்ளே அழைத்தாள். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு அந்த வீட்டையும் நிலத்தையும் அவளும் அவள் புருஷன் ராயப்பனும்தான் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. வந்தவள் பெயர் மரி லான். ஒடிசலான உடம்பு, கறுப்புப் பட்டுக் காற்சட்டை, இடுப்புக்குக் கீழே இறங்கிய வெள்ளைச் சட்டை. வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்ததை அன்னாமேரி பார்த்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அன்று மத்தியானமே சித்தப்பா மரியதாஸ் வந்துவிட்டார். அடுத்த தெருவில் வீடு. கம்யூன் என்ற ஊர்ச்சபையில் உறுப்பினராக இருந்தவர், வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்றாதவர். பெண் எப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண் என்று அவர் கேட்க, கில்பர்ட் சொன்னான். அவள் அப்பா அந்த ஊரில் பெரிய அதிகாரியாம். வீடு நிறைய வேலையாட்களாம். பெண் கன்னியர் மடத்தில் பிரெஞ்சு படித்தவளாம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். வெட்கப்படுகிறான் என்று அன்னாமேரி நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் சித்தப்பா அந்தச் செய்தியைப் பங்கு முழுவதும் பரப்பிவிட்டார். அவர் வாயில் அதிகாரி என்பது மந்திரியாக வளர்ந்திருந்தது.

கில்பர்ட்டுக்குக் காரைக்காலில் ஒரு வேலை இருந்தது. அவனோடு சைகோன் தபால் ஆபீசில் இருந்த காரைக்கால் பையன் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். அவனுடைய பெட்டியைத் தாயிடம் சேர்க்கவேண்டும். நாலைந்து நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனைக் காரைக்கால் மலேரியா பிடித்துக்கொண்டது. ஆபத்தில்லை, எழுந்து நடக்க முடிந்ததும் வருகிறேன் என்று ஆளிடம் சொல்லியனுப்பினான்.

இப்படியாக, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்தப் பெண் அன்னாமேரியின் பொறுப்பில் வந்து சேர்ந்தாள்.

மந்திரி வீட்டுப் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வது? அன்னாமேரி அப்பாவின் சாய்வு நாற்காலியைத் துடைத்துக் கூடத்தில் போட்டு அவளை உட்காரவைத்தாள். துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கினாள். அம்மிப் பக்கம் வந்தால் கையைப் பிடித்து நாற்காலிக்கே கூட்டிப்போனாள். லான் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் வீடு முழுக்க அலையும். உறியைப் பார்க்கும், உலக்கையைப் பார்க்கும், கூரையிலிருந்து இறங்கும் அணிலைப் பார்க்கும்.

அன்னாமேரி சின்ன வயதில் மடத்துப் பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு படித்திருந்தாள். மறந்துபோனதையெல்லாம் தேடியெடுத்து, நன்றாகத் தூங்கினாயா, பசிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். லான் சிரித்துத் தலையை ஆட்டினாள். அவளிடமும் பிரெஞ்சு இருந்தது. ஆனால் அது விசித்திரமான பிரெஞ்சாக இருந்தது. ‘ஷோ’ என்பாள், சூடு. ‘போன்’ என்பாள், நல்லது. எண்கள் தெரியும், இருபது வரைக்கும் தடங்கலில்லாமல் வரும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. கன்னியர் மடத்தில் படித்தவளுக்குக் காலை வணக்கம்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லையே என்று அன்னாமேரிக்கு அதிசயமாக இருந்தது.

கடைசியில் அவர்களுக்கு உதவியது லத்தீன். பூசை லத்தீன் இரண்டு பேருக்கும் மனப்பாடம். முதல் நாள் சோறு போட்டதும் லான் கைகுவித்து ‘தெயோ கிராசியாஸ்’ என்றாள், ஆண்டவருக்கு நன்றி. அன்னாமேரி சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நன்றி சொல்ல அதுதான் வார்த்தை. போதும் என்பதற்கு ஆமென். ராயப்பன் வயலிலிருந்து வந்து கை கழுவும்போது இரண்டு பெண்களும் குழம்புச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு பூசை வைப்பதைக் கேட்டு, “சாமியாரே தேவையில்ல இந்த வூட்டுல” என்றான்.

நாட்கள் போகப் போக அன்னாமேரிக்குள் ஒரு கேள்வி முளைத்தது. இவள் யார்? கில்பர்ட் சொன்னது ஒன்று, கண்ணில் படுவது வேறொன்று.

ஒரு நாள் காலை அவள் களத்திலிருந்து திரும்பியபோது தெருப்பெண்கள் வேலியோரம் கூடி நின்றார்கள். லான் ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனைகளிலும் தண்ணீர்க் குடங்களைக் கட்டித் தோளில் காவடிபோலத் தூக்கிக்கொண்டு கிணற்றிலிருந்து மாட்டுத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடையுமில்லை, ஓட்டமுமில்லை. கால் சின்னச் சின்னதாகத் துள்ள, கழி மேலும் கீழும் அசைய, குடத்திலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தொட்டி நிரம்பியிருந்தது. அன்னாமேரி ஓடிப்போய்க் கழியை வாங்கினாள். லான் அதை விட மனமில்லாமல் விட்டாள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது அவளுடைய வலத்தோளில் ஒரு தடிப்பு கையில் நெருடியது. வண்டி மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்டுப் பட்டுக் காய்த்திருக்குமே, அந்த மாதிரி. அன்னாமேரி விரலை அங்கேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். மந்திரி மகள் தோளில் எதைச் சுமந்தாள்?

வேலிக்கு அந்தப் பக்கம் அம்சவள்ளி இருந்தாள். கரும்பு போடும் குடும்பம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் ஒரு செம்பு வேலி தாண்டி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து பலகாரம் போகும். அவளிடம் அன்னாமேரி இந்தத் தோள் விஷயத்தைச் சொன்னாள். அந்த ஊரில் மந்திரிகள் தண்ணீர் சுமப்பார்கள் போலிருக்கிறது என்றாள் அம்சவள்ளி.

அடுத்து நடந்தது மடத்துத் தோட்டத்தில். முட்டை கொடுக்கப் போன அன்னாமேரியோடு லானும் வந்திருந்தாள். மதில் ஓரத்தில் கன்னியர்கள் கஷாயத்துக்கு வளர்க்கும் ஒரு புல், எலுமிச்சை வாசனை அடிக்கும், கத்திபோல நீண்ட இலை. லான் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். குனிந்து ஒரு இலையைக் கிழித்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அடித்தண்டைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்டாள். கன்னியம்மா ஒரு கத்தையை வேரோடு பிடுங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் லான் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் பல் தெரியச் சிரித்ததை அன்னாமேரி அன்றுதான் பார்த்தாள்.

நல்லவாட்டிலிருந்து கருவாடு விற்கும் கலியம்மாள் வெள்ளிக்கிழமை வருவாள். தெருமுனையில் அவள் குரல் கேட்டதும் லான் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினாள். கருவாட்டைவிட அந்தக் கூவலைத்தான் அவள் கவனித்தாள் என்று தோன்றியது. தலையைச் சாய்த்து, ஒரு பாட்டைக் கேட்பவள்போல நின்றாள். பிறகு கூடையைக் கிளறி, நெத்திலியை முகர்ந்து, இரண்டு கை நிறைய அள்ளினாள். அதைத் தண்ணீரில் வேகவைத்துத் துணியில் வடிகட்டினாள். அன்னாமேரி தாளிக்கத் தயாராக நின்றாள். லானோ மீனைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் பழுப்புத் தண்ணீரை மட்டும் ஒரு குடுவையில் பத்திரமாக மூடிவைத்தாள். சாற்றை வைத்துக்கொண்டு சரக்கை எறியும் சமையலை அன்னாமேரி அதுவரை கண்டதில்லை. தடுக்கவும் அவளுக்கு மனமில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கவேண்டும்போல இருந்தது.

அடுத்ததாக லான் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். ராயப்பனின் மயிலைக் காளை வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. அதன் பின்தொடையைத் தட்டிக்கொடுத்தாள். உள்ளங்கை விளிம்பால் அந்த இடத்தில் வெட்டுவதுபோலக் காட்டினாள். பிறகு விரல்களை வாய்க்குக் கொண்டுபோனாள்.

ராயப்பனுக்கு வேர்த்துவிட்டது. “இன்னாடி கேக்கறா? என் மயிலையவா?”

அந்தக் காளையை அல்ல, அப்படிப்பட்ட கறியைக் கேட்கிறாள் என்று புரியவைக்க அன்னாமேரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாட்டுக்கறி அந்த வீட்டில் இல்லாததல்ல. எப்போதாவது சனிக்கிழமை ராயப்பன் சுல்தான்பேட்டை பாய் கடைக்குப் போய் வாங்கிவருவான். ஆனால் அக்கம்பக்கத்தில் மாட்டைக் கும்பிடுகிறவர்கள் இருக்கும்போது, வாங்குவதும் ஆக்குவதும் அடக்கமாகவே நடக்கும். மேல்துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, மசாலா நிறையப் போட்டு, மூடி போட்டுக் கொதிக்கவைப்பார்கள். மறுநாள் சனிக்கிழமையாக இருந்தது. ராயப்பன் போய்வந்தான். பின்தொடைக் கறி, எலும்பில்லாமல், தேக்கிலையில் சுற்றி.

அன்னாமேரி அருவாமணையை எடுத்து உட்கார்ந்தாள். அவள் கைக்குக் கறி என்றால் கட்டை விரல் பருமனுக்குத் துண்டு. லான் மெதுவாக அவள் கையிலிருந்து கறியை வாங்கிக்கொண்டாள். கத்தியைக் கல்லில் தீட்டினாள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அதற்குக் குறுக்கே வெற்றிலைபோல மெல்லிசாகச் சீவத் தொடங்கினாள். ஒரே அளவு. கண் கத்தியில் இல்லை, வேலியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி தானாக ஓடியது.

புல்லின் அடித்தண்டு, பூண்டு, சின்ன வெங்காயம் மூன்றையும் அம்மியில் வைத்து நசுக்கினாள். அரைக்கவில்லை, நசுக்கினாள். அதோடு ஒரு துண்டு பனைவெல்லம், நாலு மிளகு, அந்த நெத்திலித் தண்ணீர், கொஞ்சம் நல்லெண்ணெய். எல்லாவற்றையும் கறியோடு பிசைந்து மூடிவைத்தாள். மஞ்சள் இல்லை, மல்லி இல்லை, மிளகாய் இல்லை. அன்னாமேரி மிளகாய்த்தூள் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். லான் “ஆமென்” என்றாள்.

அவள் சைகையால் கேட்டபடி ராயப்பன் மூங்கிலைப் பிளந்து பென்சில் பருமனுக்குக் குச்சி சீவிக் கொடுத்தான். லான் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். குமுட்டி அடுப்பு அவளுக்குப் போதவில்லை. கொல்லையில் அடுக்கியிருந்த முகட்டு ஓடுகளில் இரண்டைக் கொண்டுவந்து மல்லாத்தி, முனைக்கு முனை வைத்தாள். நீளமான தொட்டி தயார். அதில் கரி கொட்டி நெருப்பிட்டு, புகையெல்லாம் போய் மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தாள். வெயில் தாழ்ந்து கொல்லையில் முருங்கை நிழல் விழுந்திருந்தது. ராயப்பன் காளையை வேறு பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அவள் குந்தி உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் தோளைத் தொட, குதிகால் தரையில் அழுந்த, நாள் முழுக்க அப்படியே இருக்கக்கூடியவள்போல. கறியை மடித்து மடித்துக் குச்சியில் கோத்தாள். ஒரு குச்சி முடிந்து அடுத்தது எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. கோத்ததை அள்ளி ஓட்டின்மேல் ஒரே வரிசையாகப் பரப்பினாள். இடது கையில் பனையோலை விசிறி, வலது கை குச்சிகளின் முனைமேல். வெல்லம் உருகிக் கங்கில் சொட்டிச் சீறியது. புகை முகத்தில் அடித்தபோது கண்ணைச் சிமிட்டாமல் தலையை மட்டும் ஒரு விரற்கடை விலக்கினாள். பிறகு புறங்கையால் ஒரு தள்ளு. அத்தனை குச்சிகளும் ஒன்றாகப் புரண்டன.

அன்னாமேரி வாயைத் திறந்தபடி நின்றாள். அவளும் பதினைந்து வயதிலிருந்து சமைக்கிறவள். வீட்டுக்குச் சமைக்கிற கைக்கு இப்படி வேகம் வராது. யாரோ காத்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்பதுபோல அந்தக் கை ஓடியது.

முதல் குச்சிகள் சிவந்து விளிம்பு கருகத் தொடங்கின. லான் விசிறியை இன்னும் வேகமாக வீசிக்கொண்டு, தான் எங்கிருக்கிறோம் என்பதை மறந்தவளாகத் தலையை உயர்த்திக் கூவினாள். நாலைந்து சொற்கள். முதலில் ஏறி, நடுவில் நீண்டு, கடைசியில் சட்டென்று அறுந்துவிடும் ஒரு ராகம். அன்னாமேரிக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் ராகம் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனையிலிருந்து கேட்பதுதான்.

கூவிவிட்டு லானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அன்னாமேரி மூலையில் சாய்ந்திருந்த மூங்கில் கழியைச் சுட்டினாள். தன் வலத்தோளைத் தட்டிக் காட்டினாள். பிறகு ஓட்டில் கனன்ற நெருப்பைக் காட்டினாள். லான் முகத்தில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல. எழுந்து நின்று நடித்தே காட்டினாள். கழியின் இந்த முனையில் ஒரு கூடை, அதில் நெருப்பு. அந்த முனையில் ஒரு கூடை, அதில் கறி. துள்ளு நடை. ஒரு மரத்தடியில் இறக்குவது, குந்துவது, விசிறுவது, கூவுவது. வருகிறவனுக்கு நீட்டுவது. “ஷோ, ஷோ” என்று எச்சரிப்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரெஞ்சில் எண்ணிக் கொடுப்பது.

அந்தப் பிரெஞ்சு எந்த மடத்தில் கற்றது என்று அன்னாமேரிக்கு இப்போது விளங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் தம்பிமேல் கோபம் வந்தது. இந்தப் பெண் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சொல்வதற்கு அவளுக்குப் பாஷையே இல்லை. அவளைப் பற்றி அவளுக்கே தெரியாமல் அவன் கதை கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

லான் முதல் குச்சியை, வறுத்துப் பொடித்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், புரட்டி, அவளிடம் நீட்டினாள். அன்னாமேரி கடித்தாள். வெளியில் முறுகல், உள்ளே பஞ்சு. முதலில் இனிப்பு, பிறகு உப்பு, அதன் பின்னால் மெல்ல அந்தப் புல்லின் வாசனை. கருவாட்டு வாடை எங்கே போயிற்று என்று தேடினாள், காணோம். இன்னொரு குச்சியில் தேடினாள். மாட்டுக்கறி மசாலா இல்லாமல் இப்படியும் இருக்குமா என்ன? ராயப்பன் பேச்சே இல்லாமல் தின்றான். விஷயத்தை அவனிடம் சொன்னபோது, விற்றிருந்தால் என்ன, கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அடுத்ததை எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் வேலிக்கு மேல் அம்சவள்ளியின் தலை தெரிந்தது. அன்னாமேரிக்குப் பகீரென்றது. மூடிவைத்துச் சமைப்பதுதான் வழக்கம் என்பதை இந்தப் புதுமையில் அவள் அடியோடு மறந்திருந்தாள். புகை நேராக அந்தக் கொல்லைக்குத்தான் போயிருந்தது.

அம்சவள்ளி ஓட்டையும் பார்த்தாள், குச்சிகளையும் பார்த்தாள். என்ன கறி என்று கேட்கவில்லை. “அந்த எலுமிச்ச வாசன எங்கேந்து வருது, அன்னாமேரி? ரசத்துல போட்டா நல்லாருக்குமே” என்றாள். அன்னாமேரி நட்டுவைக்க எடுத்துவைத்திருந்த வேரில் பாதியைப் பிய்த்து வேலி தாண்டிக் கொடுத்தாள். அம்சவள்ளி வாங்கிக்கொண்டு, இனி இதைச் செய்வதானால் காற்று ஆற்றுப்பக்கம் அடிக்கிற நாளாகப் பார்த்துச் செய்யச் சொன்னாள், மாமனார் இருக்கிறார் என்றாள். அதற்கு மேல் அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சில்லை.

மறுநாள் முதல் சாய்வு நாற்காலி ராயப்பனுக்குப் போனது. லான் விடியற்காலையில் தண்ணீர் சுமந்தாள், கொல்லையைப் பெருக்கினாள், நெல் குத்தினாள். கூடவே தமிழும் வந்தது. அவள் முதலில் பிடித்துக்கொண்ட சொல் ‘இன்னா’. எதைக் கண்டாலும் விரலை நீட்டி அதைக் கேட்டாள். முறம், இன்னா? பல்லி, இன்னா? ஒரு நாள் ராயப்பனின் குறட்டையைக் காட்டியே கேட்டாள்.

கில்பர்ட் இளைத்துக் கறுத்துக் காரைக்காலிலிருந்து வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. அன்னாமேரி அவனிடம் எதையும் கேட்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று விட்டாள். ஆனால் மறுநாளே சித்தப்பா வந்துவிட்டார். தனியாக வரவில்லை. அவர் மகளைக் கொடுத்திருந்த ஒழுகரைச் சம்பந்தியும் கூட வந்தார். மந்திரி வீட்டு மருமகளைச் சம்பந்திக்குக் காட்டவேண்டும் என்று சித்தப்பாவுக்கு வெகுநாள் ஆசை. பூசை முடிந்ததும் இருவரும் நேராக வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

விருந்தாளி வந்தால் லான் என்ன செய்வாள்? முந்தின நாளே புருஷனுக்காக ஊறவைத்த கறி இருந்தது. காற்றும் ஆற்றுப்பக்கம்தான் அடித்தது. கில்பர்ட் முகம் கழுவிவிட்டுக் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தபோது, முகட்டு ஓட்டில் கங்கு பூத்து, அவன் மனைவி குந்தி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அவன் முகம் வெளுத்ததை அன்னாமேரி பார்த்தாள். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். லான் அவனுக்கு ஒரு குச்சியை நீட்டினாள்.

தட்டு கூடத்துக்குப் போனது. சம்பந்தி தயக்கத்தோடு ஒன்றை எடுத்தார். பிறகு தயங்காமல் இன்னொன்றை எடுத்தார். சித்தப்பா பெருமையோடு, மந்திரி மாளிகையில் வளர்ந்த பெண்ணுக்கு இந்தக் கைவேலையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். கில்பர்ட் தொண்டையைச் செருமினான். அவர்கள் வீட்டில் சமையலுக்கென்றே ஒரு கிழவன் இருந்தான் என்று தொடங்கினான்.

லான் வாசற்படியில் அடுத்த தட்டோடு நின்றிருந்தாள். மந்திரி, மாளிகை எல்லாம் அவளுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்பது புரிந்தது. நேராகச் சித்தப்பாவைப் பார்த்து, தன்னிடம் இருந்த தமிழையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

“எங்க அம்மா. அம்மா விக்கும், நான் விக்கும். தெருவுல. சூடு, நல்ல சூடு. கில்பர்ட் தெனம் வாங்கும்.”

 சித்தப்பா கில்பர்ட்டைப் பார்த்தார். கில்பர்ட் தன் கால் விரலைப் பார்த்தான். சித்தப்பா கையிலிருந்த குச்சியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார், குடையை எடுத்தார், கோட்டின் பொத்தானைப் போட்டார். கிளம்பலாம் என்று சம்பந்தியைப் பார்த்தார்.

சம்பந்தி எழுந்திருக்கவில்லை. மல்லாட்டைப் பொடியில் குச்சியைப் புரட்டிக்கொண்டே, “ஆறிடுச்சின்னா நல்லாருக்காது. உக்காருங்க சம்பந்தி” என்றார்.

பெண்ணைக் கொடுத்த இடம். சம்பந்தியை விட்டுவிட்டுப் போகமுடியாது. சித்தப்பா குடையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.  கொஞ்ச நேரம் கழித்து அவர் கை தானாகத் தட்டுக்குப் போனது. லான் அவருக்கென்று கருகாத குச்சியாகப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் யாரோ கேட்டதற்குச் சித்தப்பா சொன்ன பதில் அன்னாமேரி காதில் விழுந்தது. சைகோனில் பெண் வீட்டாருக்குப் பரம்பரையாகக் கறி வியாபாரம், தாயும் மகளும் தாங்களே முன்நின்று நடத்தினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விருந்தாளிகள் போன அன்றைக்கே அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். கில்பர்ட் மறைக்கவில்லை. போன புதிதில் அந்த ஊரில் ஒருவரும் பழக்கமில்லை, அறையில் அடுப்பில்லை, தபால் ஆபீசுக்கு எதிர்மரத்தடியில் இவள் கடை. மாலையானால் அங்கேதான் சாப்பாடு. ஒரு வருஷம் எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. கல்யாணம் கட்டியதில் எனக்கு வெட்கமில்லை, சித்தப்பா வாய்க்குத்தான் பயந்தேன் என்றான்.

“நீ பயந்தது சரிடா. அவள ஏண்டா பொம்ம மாதிரி உக்கார வெச்ச?” என்றாள் அன்னாமேரி.

 இத்தனை நாள் லானிடம் கேட்கச் சேர்த்துவைத்த கேள்விகள் அக்காவிடம் நிறைய இருந்தன. இப்போது மொழிபெயர்க்க ஆள் கிடைத்துவிட்டான். மூவரும் அணையாத கங்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த நெத்திலித் தண்ணீர் உங்கள் ஊரில் எதில் செய்வது, உன் அம்மா இப்போது யார் துணையில் இருக்கிறாள், கப்பலில் என்ன சாப்பிட்டாய் என்று அடுக்கிக்கொண்டே போனாள். லான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அம்மா தங்கையோடு அதே மரத்தடியில் இருக்கிறாள். கப்பலில் சாப்பாடு ஒன்றும் தொண்டையில் இறங்கவில்லை. பிறகு லான் கையை உயர்த்தி, இனி என் முறை என்றாள்.

அவளிடம் இருந்த கேள்விகள் அதைவிட அதிகம். வந்த புதிதில் தன்னை நாற்காலியில் உட்காரவைத்தது எதற்குத் தண்டனை? துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கும் அளவுக்குத் தான் செய்த குற்றம் என்ன? அக்கா தினமும் காளையின் காதில் ரகசியமாக என்ன சொல்கிறாள்? பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டும்போதெல்லாம் ஏன் முதலில் இருமுகிறாள்?

கில்பர்ட் தமிழில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். தண்டனை என்ற சொல்லைக் கேட்டதும் அன்னாமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் லானின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினாள். அதற்குள் லான் உறியைக் காட்டி அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.